பாராட்டும் இரக்கமும்

பள்ளிகள் தம் மாணவரின் ஆக்கங்களை ஊரார்முன் வைத்து ஆண்டுதோறும் விழா எடுத்தல் நல்வழக்கமாகும். மாணவன் வரைந்த ஓவியமும், மாணவி பின்னிய கூடையும், இருவரும் சேர்ந்து நடித்த நாடகமும் அந்நாளில் அவைக்கு வருகின்றன. பார்வையற்றோர்க்கும், செவிப்புலன் அற்றோர்க்கும், அறிவு வளர்ச்சியில் தாழ்வுற்றோர்க்கும் என அமைந்த சிறப்புப் பள்ளிகளிலும் இவ்விழா உண்டு. கல்லூரி மாணவராகிய நாம் அவற்றிற்கு அழைக்கப்பெறுகின்றோம், செல்கின்றோம், கைதட்டுகின்றோம், நம்முட் சிலர் கண்ணீரும் சிந்துகின்றனர். திரும்பி வந்த பின்னர், ஆங்குக் கண்டது யாதென ஒருவர் வினவின், "பாவம், அப்பிள்ளைகள் எவ்வளவு நன்றாகச் செய்கின்றனர்!" என்னும் விடையே பெரும்பாலும் நம் நாவில் எழுகின்றது. இவ்விடையில் 'பாவம்' என்னும் சொல் முன்னும், 'நன்றாக' என்னும் சொல் பின்னும் நிற்றலை ஓர்க. முன்னின்ற சொல் பின்னின்ற சொல்லை விழுங்கிவிடுகின்றது. கூடை நன்றாக முடைந்திருந்ததா, ஓவியத்தில் வண்ணம் இயைந்திருந்ததா, நாடகத்தின் உரையாடல் சிறந்திருந்ததா என்பன பற்றி நாம் ஒன்றும் கூறினோமல்லோம்.

இத்தகைய விழாக்கள் வேண்டற்பாலனவே. இன்னும் மிகுதியாக வேண்டற்பாலன. ஆயின் அவற்றிற் பாராட்டுக்குரியது மாணவர் செய்த பொருளேயாதல் வேண்டும். செய்பொருளைச் செய்பொருளாகவே நோக்கி, நன்றாயின் நன்றென்றும், திருத்தம் வேண்டுமாயின் இன்ன இடத்தில் வேண்டுமென்றும் கூறுதலே மெய்யான பாராட்டு. அஃதொழிந்த புகழெல்லாம் இரக்கத்தின் மாற்றுருவே. இதனை நம் கல்லூரி அன்பர்முன் எடுத்துரைத்தலே யாம் இங்கு மேற்கொண்ட பணி.

இதற்குச் சான்று தேடித் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. சிறப்புப் பள்ளிகளின் வரலாறே சான்று பகர்கின்றது. அவ்வரலாறு ஒரு சந்தையில் தொடங்குகின்றது. 1771-ஆம் ஆண்டில், பிரெஞ்சு நாட்டுத் தலைநகராகிய பாரிஸில், புனித ஓவிட் பெயரால் நடந்த சந்தை ஒன்றில், பார்வையற்ற மனிதர் சிலரை மேடையேற்றினர். அவர்களுக்கு விந்தையான அங்கிகளை அணிவித்துக் கூம்புக் குல்லாய்களைக் கவித்து, அட்டையாலாய பெரிய மூக்குக்கண்ணாடிகளை மாட்டி, வாசிக்கத் தெரியாத இசைக் கருவிகளைக் கையிற் கொடுத்தனர். எழுந்த ஓலத்தைக் கேட்டுக் கூட்டம் நகைத்தது. அந்நகைப்பின் நடுவே நகையாது நின்றவர் வாலண்டைன் ஹாயி என்பவர். பல மொழி கற்ற அறிஞராகிய அவர், இவர்களுக்கு எழுத்தும் இசையும் முறையாகக் கற்பித்தால் எவர்தாம் நகைக்க இயலும் என்று எண்ணினார். அவ்வெண்ணம் உருப்பெறப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1785-ஆம் ஆண்டளவில் பார்வையற்ற இளைஞர்க்குரிய பள்ளி ஒன்று பாரிஸில் நிலைபெற்றது.

அப்பள்ளியின் முதல் மாணவர் பிரான்சுவா லெசுயர் என்னும் இளைஞர். தெருவில் இரந்துண்டு வாழ்ந்தவர். ஒரு நாள் ஆசிரியரின் மேசைமீதிருந்த அச்சிட்ட அட்டை ஒன்றை அவர் தடவிப் பார்க்கையில், அச்சின் அழுத்தத்தால் அதன் பின்புறம் புடைத்திருந்த எழுத்தொன்றை விரலால் அறிந்து கூறினார் என்பர். அதுகொண்டே ஹாயி, தடித்த தாளில் எழுத்துக்களைப் புடைக்கச் செய்து நூல் அச்சிடும் முறையை வகுத்தார். ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு: அப்பள்ளியின் முதற் கண்டுபிடிப்பிலேயே மாணவரின் விரல் ஆசிரியர்க்கு வழிகாட்டியது. 1786-ஆம் ஆண்டில் ஹாயி எழுதிய கல்வி நூலை அம்மாணவர்களே அச்சுக் கோத்து அச்சிட்டனர். அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் அவர்கள் வெர்சேல்ஸ் அரண்மனைக்கு அழைக்கப்பெற்று, பதினாறாம் லூயி மன்னன் முன்னிலையில் வாசித்தும் கணக்கிட்டும் காட்டினர். சந்தை மேடைக்கும் அரண்மனைக் கூடத்திற்கும் இடையேயுள்ள தொலைவு பெரிது. அதனைக் கடப்பித்த ஹாயியின் தொண்டு என்றும் போற்றத்தக்கது.

ஆயினும் அரண்மனைக் கூடமும் ஒரு மேடையே என்பதை நாம் மறத்தலாகாது. மேடையில் எது சிறந்து தோன்றும் என்று தீர்மானிப்பவர் காண்போரே. ஹாயியின் புடைப்பெழுத்து நாம் கண்ணாற் படிக்கும் உரோம எழுத்தின் வடிவே. அதனைப் பார்த்த செல்வர்க்கும் அரசர்க்கும் அது மிக அழகியதாயிருந்தது. தாம் படிக்கும் அதே எழுத்தைப் பார்வையற்ற சிறுவனும் படிக்கின்றான் என்று அவர்கள் மகிழ்ந்தனர். விரலுக்கோ அஃது இடர்ப்பாடுடையது. வளைவும் நெளிவும் கொண்ட ஓரெழுத்தை முழுதும் தடவி முடிப்பதற்குள் முன்னெழுத்து நினைவினின்று நழுவும். நூல்கள் பெருத்துக் கனத்தன, எண்ணிக்கையிற் குறைந்தன. எல்லாவற்றினும் பெருங்குறை, அம்முறையால் மாணவர் படிக்கலாமேயன்றித் தாமாக எழுதுதல் அரிது என்பதாம். எழுத இயலாதவன் பிறர் கூற்றைக் கேட்பவனாகவே நிற்பான். இவ்வளவு குறைகளும் பல ஆண்டுகள் நீடித்தமைக்கு ஒரு காரணம், காட்சி நாளில் அவை தோன்றாமையே. காண்போர் கைதட்டினர்; கற்போர் இடர்ப்பட்டனர்.

இந்நிலையை மாற்றியவர் அரசரும் அல்லர், அறிஞர் கழகத்தாரும் அல்லர். அப்பள்ளியின் மாணவர் ஒருவரே. லூயி பிரெயில் 1809-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் கூப்வ்ரே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில், தந்தையின் தொழிற்கூடத்துக் கூர்ங்கருவி ஒன்று கண்ணிற் பட்டுப் புண்ணாகி, அது மற்றைக் கண்ணிற்கும் பரவ, இருகண்ணும் பார்வை இழந்தன. 1819-ஆம் ஆண்டில், பத்து வயதில், பாரிஸ் பள்ளியிற் சேர்ந்தார். அதன்பின் படைத்துறையைச் சேர்ந்த சார்ல் பார்பியே என்பவர் தாம் அமைத்த புள்ளியெழுத்து முறையொன்றை அப்பள்ளிக்குக் கொணர்ந்தார். அதில் ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டியிருந்தன. விரல்நுனி அவ்வளவையும் ஒருங்கே உணர இயலாது. சொற்களின் எழுத்துக் கூட்டலும் அதில் இல்லை. பிரெயில் அதனைக் கேட்டு வியந்து அமைந்தாரல்லர். அதன் குறையை ஆராய்ந்தார். வகுப்பொழிந்த நேரத்திலும் விடுமுறையிலும் முயன்று, 1824-ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், ஆறு புள்ளிகளால் ஆகிய புதுமுறையை அமைத்தார். இரண்டு நிரலாக நின்ற ஆறு புள்ளிகள் விரல்நுனியொன்றில் அடங்கும். அவற்றை மாறி மாறி அமைப்பதால் 63 குறிகள் பிறக்கும். எழுத்தும், எண்ணும், நிறுத்தக்குறியும், இசைக்குறியும் அவற்றுள் அடங்கின. எழுதுகோல் ஒன்றும் தகடு ஒன்றும் இருப்பின் எவரும் தாமே எழுதலாம்.

ஒரு சிறப்புப் பள்ளி மாணவரின் ஆக்கம் என்று உலகில் எதனையேனும் தலைமேற்கொண்டு விழாவெடுக்க வேண்டுமாயின், அது பதினைந்து வயதுச் சிறுவர் செய்த இவ்வாக்கமன்றோ? அதனை அப்பள்ளி எங்ஙனம் ஏற்றது என்பதே நம் ஆராய்ச்சிக்குரியது. 1829-ஆம் ஆண்டில் பிரெயில் தம் முறையை விளக்கும் நூலை வெளியிட்டார். அந்நூல் பழைய புடைப்பெழுத்தாலேயே அச்சாயிற்று. மாணவர் உடனே இம்முறையைத் தழுவினர். ஆசிரியர் பலர் தயங்கினர். பார்வையுடையார் படிக்கவொண்ணாத எழுத்து மாணவரை உலகினின்று பிரித்துவிடும் என்றனர் சிலர். 1840-ஆம் ஆண்டில் தலைமையேற்ற டூஃபோ என்பவர் இம்முறையைப் பள்ளியில் விலக்கினார். மாணவரோ மறைவில் புள்ளியிட்டு நாட்குறிப்பும் கடிதமும் எழுதி வந்தனர் என்பர். பின்னர்த் துணைத்தலைவராகிய குவாதே என்பவர், தலைவரின் மனத்தை மாற்றினார். 1844-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பள்ளியின் புதுக்கட்டடத் திறப்பு விழாவில் இம்முறை அவையறியச் செயலிற் காட்டப்பெற்றது. பிரெயில் 1852-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் காலமானார். 1854-ஆம் ஆண்டிலேதான் பிரெஞ்சு நாடு அவர் முறையை ஏற்றது. நூறாண்டு சென்றபின், 1952-ல், அவர்தம் எலும்புகள் நாட்டுப் பெரியோர் துயிலும் பாந்தியன் மாளிகைக்கு மாற்றப்பட்டன.

1786-ன் காட்சியையும் 1844-ன் காட்சியையும் ஒப்புநோக்குக. முன்னையதில், பார்வையுடையார் விரும்பிய ஒன்றைப் பார்வையற்றோர் செய்துகாட்டினர். பின்னையதில், பார்வையற்றோர் தாமே அமைத்த ஒன்றைப் பார்வையுடையார் கற்றுக்கொள்ள வந்தனர். முன்னையதில் வியப்பு மிகுதி. பின்னையதில் பயன் மிகுதி. இன்று நம்மிடையே நிகழும் விழாக்களில் எவை முன்னைய வகையின, எவை பின்னைய வகையின என்று ஒவ்வொருவரும் தம்முள் வினவிக்கொள்ளல் நலம்.

மேடைப் புகழ் மாணவர்க்கு எத்துணைச் சிறு நன்மையே செய்யும் என்பதற்கு அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் சான்றாகும். 1829-ல் பிறந்த லாரா பிரிட்ஜ்மன் என்னும் பெண்மணி, இரண்டாம் வயதில் நச்சுக்காய்ச்சலால் கண்ணும் செவியும் ஒருங்கிழந்தார். 1837-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்துப் பெர்க்கின்ஸ் பள்ளியில் ஹோ என்னும் மருத்துவரிடம் சேர்ந்து, விரலெழுத்தால் மொழி கற்றார். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1842-ல் அவரைக் கண்டு தம் பயண நூலில் எழுதவே, அவர் புகழ் உலகெங்கும் பரவியது. காட்சி நாட்களில் கூட்டம் திரண்டது. அவர் கையெழுத்தையும் அவர் பின்னிய நூற்பொருள்களையும் பெறப் பலர் விழைந்தனர். பின்னர்க் கூட்டம் வேறு புதுமை நாடிச் சென்றது. லாராவோ 1889-ல் இறக்குமளவும் பெரும்பாலும் அப்பள்ளியிலேயே காலங்கழித்தார்.

ஆனால் அவர் கைவினையுள் ஒன்று காட்சிப் பொருளாகாது, பயன்படு பொருளாயிற்று. 1887-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அப்பள்ளியிற் பயின்று தேர்ந்த ஆன் சல்லிவன், ஹெலன் கெல்லர் என்னும் ஆறு வயதுச் சிறுமிக்குக் கற்பிக்கச் சென்றார். பெர்க்கின்ஸ் பள்ளிப் பிள்ளைகள் அச்சிறுமிக்கு ஒரு பொம்மையைக் கொடுத்தனுப்பினர். அதற்கு உடை தைத்து அணிவித்தவர் லாரா. ஹெலனின் உள்ளங்கையில் ஆன் சல்லிவன் முதன்முதல் எழுதிக்காட்டிய சொல் அப்பொம்மையின் பெயரே. ஹெலன் கெல்லர் 1904-ஆம் ஆண்டில் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். லாராவின் ஊசி வேலையைக் கூட்டத்தார் நினைவுப்பொருளாகக் கொண்டு சென்றபோது அஃது அவர்தம் பேழையில் உறங்கிற்று. மற்றொரு மாணவிக்குப் பயன்படு பொருளாகச் சென்றபோது அது மொழியின் வாயிலைத் திறந்தது. செய்பொருளை அது செய்யப்பட்ட பயனுக்கே கொள்ளுதலினும் பெரிய பாராட்டு யாதுளது?

இனி நம் தமிழ் மரபை நோக்குவாம். அது மேலை நாட்டார்க்கு இவ்வகையிற் பின்தங்கியதன்று. அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையற்றவர். பிறர் தம் முதுகில் எழுதிக்காட்ட, அத்தொடுவுணர்ச்சியால் எழுத்தறிந்தார் என்பது செவிவழிச் செய்தி. பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் 1836-ல் பிறந்து மூன்றாம் வயதில் அம்மை நோயால் பார்வை இழந்தவர். இரட்டைப் புலவருள் ஒருவர் கண்ணற்றவர், மற்றவர் காலற்றவர். ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தனர் என்பது தமிழறிந்தார் எவரும் அறிந்தது. இவர்களைத் தமிழவை எங்ஙனம் ஏற்றது? கண்ணற்றவர் பாட்டென்று தளை தட்டியதைப் பொறுத்ததா? எதுகை நழுவியதை இரக்கத்தால் மறைத்ததா? இல்லை. பிள்ளைத்தமிழும் உலாவும் கோவையும் எவர்க்கும் எவ்விலக்கணமோ, அவ்விலக்கணமே வீரராகவர்க்கும். அவர் பாடிய சேயூர் முருகன் பிள்ளைத்தமிழை இன்றும் நாம் பயில்வது, பார்வையற்ற ஒருவர் பாடியது என்பதற்காக அன்று. நல்ல பிள்ளைத்தமிழ் என்பதற்காகவே. ஆங்கு இரக்கத்திற்கு இடமில்லை. ஆதலின் மதிப்பிற்குத் தடையில்லை.

கல்வி நிலையங்களிலும் தமிழகத்தின் பங்கு சிறிதன்று. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-ஆம் ஆண்டில் பார்வையற்றோர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். அதே ஊரில் புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் செவிப்புலன் அற்றோர்க்குப் பள்ளி அமைத்தார். நம் நாட்டில் இத்தகைய பள்ளிகள் ஒரு கைவிரலால் எண்ணத்தக்க அளவில் இருந்த காலம் அது. நம்மைப் போன்ற கிறிஸ்தவக் கல்லூரிகளின் மாணவர் இவ்வரலாற்றைத் தம் குடும்ப வரலாறாகக் கருதிப் பெருமை கொள்ளுதல் இயல்பே. ஆயின் பெருமை கடமையை நினைவூட்ட வேண்டும். தொடங்கியவர்க்கு நன்றி கூறிக்கொண்டே, ஆங்குக் கற்போரை என்றும் தொண்டு பெறுவோராக மட்டும் நோக்குதல் அப்பெருமைக்கு இழுக்காகும்.

தமிழ் பயிலும் எம்மனோர்க்கு இப்பள்ளிகளில் கற்றுக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு என்பதையும் ஈண்டுக் கூறல் வேண்டும். இந்திய மொழிகட்குப் பொதுவாக 1951-ல் பாரதி பிரெயில் என்னும் முறை வகுக்கப்பெற்றது; தமிழ்ப் பிரெயில் அதன்வழிப்பட்டது. தமிழின் 247 எழுத்துக்களையும் 63 குறிகளுள் அடக்குவது எங்ஙனம் என்று ஐயுறுவார்க்கு விடை எளிது: 'கொ' என்னும் உயிர்மெய்யை எழுத, முதலில் ககரத்திற்குரிய குறியும், அடுத்து ஒகரத்திற்குரிய குறியும் இடப்படும். அச்செழுத்தில் நாம் 'கொ' என எழுதுங்கால், உயிரின் கூறொன்று மெய்க்கு முன்னும் மற்றொன்று பின்னுமாக நிற்கின்றது. 'கெ' என்பதிலோ, பின்னர் ஒலிக்கும் உயிரின் குறி முழுதும் முன்னரே நின்றுவிடுகின்றது. உயிர்மெய்யுள் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் கண்ட முறை. அம்முறையைக் கண்ணெழுத்தினும் விரலெழுத்தே வழுவாது காக்கின்றது! இதனை எழுத்ததிகாரம் கற்பிக்கும் ஆசிரியர் தம் வகுப்பில் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாகாதோ? பார்வையற்ற பள்ளியின் மாணவி ஒருவர் நம் வகுப்பிற்கு வந்து இதனைப் புள்ளியிட்டு விளக்குவாராயின், அன்று கற்பவர் நாமே, கற்பிப்பவர் அவரே.

இக்கருத்துக்கு மறுப்புக் கூறுவாரும் உளர். அவர்தம் கூற்றுக்களுள் இரண்டினை ஆராய்வாம். "சிறு பிள்ளைகளுக்கு வேண்டுவது ஊக்கமன்றோ? அவர் செயலிற் குற்றங் காண்டல் கொடுமையாகாதோ?" என்பது ஒன்று. ஊக்கம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் ஊக்கம் நம்பத்தக்கதாயிருத்தல் வேண்டும். எதனைச் செய்யினும் கைதட்டல் கிட்டும் என்று அறிந்த பிள்ளை, அக்கைதட்டல் தன் செயலுக்குரியதன்று என்பதை விரைவில் உணரும். நம் கல்லூரிக் கட்டுரைப் போட்டியில், எழுதிய யாவர்க்கும் முதற்பரிசு என்று அறிவித்தால், நாம் அப்பரிசினைப் பெருமையாகக் கொள்வோமா? "இப்பாட்டில் இரண்டாம் அடியில் தாளம் நெகிழ்ந்தது, மூன்றாம் அடி நெஞ்சைத் தொட்டது" என்று கேட்ட மாணவரே, தம் பாட்டு உண்மையாகக் கேட்கப்பட்டது என்று அறிவர். குற்றங்கூறலும் மரியாதையின் ஒரு வகையே. அதனை இன்சொல்லாற் கூறுதல் நம் கடமை. கூறாது விடுதல் புறக்கணிப்பாகும்.

"இரக்கம் எழுந்தால்தானே பொருளுதவி வரும்? பொருளின்றிப் பள்ளி நடப்பது எங்ஙனம்?" என்பது மற்றொன்று. இதில் ஓருண்மை உளது. ஹாயியும் ஹோவும் காட்சி நாட்களால் பொருள் ஈட்டியே பள்ளிகளை நிலைநிறுத்தினர். அவரை யாம் பழித்தோமல்லோம். ஆயின் இந்நாளில் கல்வி இவர்களுக்கு ஈகையன்று, உரிமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசினரின் உயர்கல்வி நிலையங்களிலும் அரசுதவி பெறும் உயர்கல்வி நிலையங்களிலும் ஐந்து விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்குமாறு விதித்துள்ளது. உரிமையாக வருவதைக் கண்ணீர் காட்டிப் பெறுமாறு பிள்ளைகளை மேடையேற்றல் தகுமோ? கொடுப்போர் கொடுக்கட்டும், அக்கொடை, செய்பொருளின் சிறப்பை உணர்ந்து வருமாயின் நீடித்து நிற்கும். இரக்கத்தால் வருவது, கண்ணீர் உலர்ந்தவுடன் தானும் உலரும்.

அங்ஙனமாயின் விழாவிற்குச் செல்லும் நாம் செய்யத்தக்கன யாவை? முதலாவது, ஒவ்வோர் ஆக்கத்தின்மேலும் செய்தவர் பெயர் இருக்கின்றதா என்று நோக்குதல் வேண்டும். 'பள்ளி மாணவரின் கைவேலை' என்று பெயரின்றிக் குவித்து வைத்தால், செய்தவர் மறைந்து கொடுத்தவர் மட்டுமே விளங்குவர். இரண்டாவது, விற்பனைக்கு வைத்த பொருளை அதன் தகுதிக்கேற்ற விலைக்கு வாங்குதல் வேண்டும், பயன்படுத்தவும் வேண்டும். நன்கொடையென்று கூடுதலாகக் கொடுத்துக் கூடையைப் பரண்மேல் எறிதல், செய்த கையை அவமதித்தலாகும். மூன்றாவது, அவர்தம் மொழியில் நாம் சில சொற்களேனும் கற்றுச் செல்லுதல் வேண்டும். செவிப்புலன் அற்றோர் பள்ளியின் நாடகத்தில் சைகைமொழியே மொழி; அதனை அறியாத நாமே அவ்வவையில் பேச்சற்றவர். இந்தியச் சைகைமொழிக்கு 2018-ல் 3,000 சொற்களோடு வெளிவந்த அகராதி, 2021-ல் 10,000 சொற்களாக விரிந்துள்ளது. கற்க விழைவார்க்குக் கருவி இல்லையென்று கூற இயலாது.

நான்காவதும் தலையாயதும் ஒன்று: மாணவர் நமக்குக் காட்டும் ஆக்கத்தையன்றித் தமக்கென ஆக்கியதையும் கேட்டறிதல் வேண்டும். பிரெயிலின் புள்ளிகள் முதலில் எம்மேடைக்கும் ஆக்கப்பட்டனவல்ல; தம் தோழர் படிக்கவும் எழுதவும் ஆக்கப்பட்டன. நம் காலத்திலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உளது. கணினித் திரையிலுள்ளதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள்கள் முன்னர்ப் பெரும்பொருள் கொடுத்தே வாங்கத்தக்கனவாயிருந்தன. 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்னும் பார்வையற்ற இளைஞர், விலையின்றி எவரும் பெறத்தக்க மென்பொருளொன்றை ஆக்கத் தொடங்கினார். பார்வையற்ற நண்பராகிய ஜேம்ஸ் டே உடன்சேர்ந்தார். என்.வி.டி.ஏ. என வழங்கும் அது இன்று தமிழையும் வாசிக்கின்றது. இத்தகைய ஆக்கம் நம்மூர்ப் பள்ளியின் எந்த மூலை வகுப்பில் இன்று பிறந்து கொண்டிருக்கின்றதோ, யாரறிவார்? சிறுமி ஒருத்தி தன் தோழிக்காகச் செய்த கணக்குப் பலகையோ, சிறுவன் ஒருவன் தன் வகுப்பிற்காக அமைத்த புதுச் சைகையோ, விழா மேடையில் ஏறாமலே ஒழிந்துபோதல் கூடும். நாம் கேட்டாலன்றி அவை வெளிவாரா.

இறுதியாக ஒன்று. விழா முடிந்து விளக்கு அணைந்தபின், அம்மேடையில் நின்ற மாணவர் எங்குச் செல்கின்றனர்? சிலரேனும் நம் கல்லூரி வாயிலுக்கு வருதல் வேண்டும். அவர் வருங்கால், நம் நூலகத்தில் அவர் விரலாற் படிக்கத்தக்க தமிழ் நூல் எத்தனை? செவியாற் கேட்கத்தக்கன எத்தனை? தேர்வில் அவர் சொல்ல எழுதும் எழுத்தர் தமிழிலக்கணம் அறிந்தவரா? விரிவுரை மண்டபத்தில் சைகைமொழி பெயர்ப்பாருக்கு இடமுண்டா? படியேற இயலாதார்க்குச் சாய்வழி உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காணாது, ஆண்டிற்கொரு நாள் சென்று கைதட்டி மீளுதல், விருந்தினரைத் தெருவில் நிறுத்திப் புகழ்ந்துவிட்டு வாயிலை அடைத்துக்கொள்ளுதல் போலாம். இம்மலரின் தமிழ்ப் பகுதிக்கும் இக்கடமை உண்டு. அடுத்த ஆண்டு மலர்க்குக் கட்டுரையும் கவிதையும் வேண்டி அழைப்பு விடுக்குங்கால், பாளையங்கோட்டை முதலிய இடங்களிலுள்ள சிறப்புப் பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவர்க்கும் அவ்வழைப்பு செல்லுக. அவர் எழுத்தும் நம் எழுத்தும் ஒரே கோலால் அளக்கப்படுக, தகுதியுள்ளது அச்சேறுக, தகுதியற்றது, எவர் எழுதியதாயினும், காரணங்கூறித் திருப்பப்படுக. அங்ஙனம் திருப்பப்பெற்ற மாணவர் ஒருவர் மறுமுறை இன்னும் செம்மையாக எழுதி அனுப்புவாராயின், அதுவே நாம் அவர்க்கு எடுத்த மெய்யான விழாவாகும்.